சாரல் காலத்து மீன்தொட்டி

குற்றாலத்தில் ஐந்தருவிக்குத் திரும்பும் இடத்தில் பஸ் மெதுவாகும்போதெல்லாம் அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. மசாஜ் எண்ணெய், ஷாம்பு, ஈரத் துண்டு, எல்லாவற்றுக்கும் மேல் சாரல். ஊர் ஊராகக் கிளம்பி வருகிறவர்களுக்கு அது விடுமுறையின் வாசனை. எனக்கு அப்படி இல்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் சளி என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வாசனைக்குள் என் தம்பி நிற்கிறான், முழங்கைவரை நனைந்து, ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்தபடி.

அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வருஷம் அவன் கத்தாரிலிருந்து விடுப்பில் வந்தான். மேலகரம் வீட்டில் அதுவரை அம்மாவைத் தூக்க, புரட்ட, துடைக்க நான் ஒருத்திதான். அவன் வந்தபின் கைகள் நாலாயின. காலையில் நான் என்றால் மாலையில் அவன். விடுப்பு முடியும் சமயத்தில், இனிப் போகவில்லை, டிஸ்கஸ் என்கிற அலங்கார மீன் வளர்த்துக் குஞ்சு எடுத்து விற்கப்போகிறேன் என்றான். மதுரையில் ஒரு கடைக்காரர், குஞ்சு தேறினால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம். கம்பெனிக்காரர்களிடம் யோசிக்க அவகாசம் கேட்டிருந்தான். குஞ்சு தேறினால் இருப்பான், தேறாவிட்டால் போய்விடுவான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் மூன்று பேரும் அந்தத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன் அறையில், அம்மாவின் கட்டிலுக்கு எதிரே தொட்டியை வைத்தான். அடியில் மணல் இல்லை, செடி இல்லை, சிப்பி பொம்மை எதுவும் இல்லை. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், முட்டையிட ஒரு மண்கூம்பு. ஆஸ்பத்திரி அறைபோல இருந்த அந்த வெறுமைக்குள் தட்டுத் தட்டாக இரண்டு மீன்கள், செங்கல் நிறத்தில் நீலக் கோடு ஓடியவை, எதற்கும் அவசரப்படாமல் திரும்பின. தினமும் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். காய்ச்சல் என்றாலும் கல்யாண வீடு என்றாலும் அவன் அதைத் தள்ளிப்போட்டதில்லை. தண்ணீர் சூடு குறையக்கூடாது என்று ஹீட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அம்மா கட்டிலில் கிடந்தபடி சொல்வாள், “மீனுக்கு வெந்நி போடுதான் எம்மவன். எனக்கு ஒரு வாய் காப்பிக்கு ஆளக் காணோம்.” சொல்லிவிட்டு அவளும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கூம்பில் முட்டை வந்தது. வந்ததெல்லாம் வெளுத்துப் போயிற்று. எங்கள் போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிய வைக்கிற தண்ணீர். டிஸ்கஸ் முட்டைக்கு உப்பில்லாத மெல்லிய தண்ணீர் வேண்டுமாம். கோடை மழையில் மலையிலிருந்து ஆற்றில் தண்ணீர் இறங்கியதும் ஸ்கூட்டரில் கேன் கட்டிக் குற்றாலத்துக்குப் போனான். கொண்டுவந்து டிரம்மில் ஊற்றி, ஒருநாள் தெளியவிட்டுத் தொட்டியில் விட்டான். அடுத்த முட்டை பொரிந்தது. கண்ணிமை முடி அளவுக்குக் குஞ்சுகள், தாயின் உடம்பிலும் தகப்பன் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு தோலில் ஊறும் பாலைக் கொத்தித் தின்றன. பெரிய மீனில் ஒன்றுக்குச் சலித்துப் போனால் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பும். குஞ்சுகள் மொத்தமாக உதிர்ந்து, மிதந்து, மற்றதன் மேல் போய் அப்பிக்கொள்ளும். அதுவும் சலித்தால் மறுபடி இங்கே. அம்மாவுக்குத் துணி மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்து நான் அதையே பார்ப்பேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

பிறகு சீசன் பிடித்துக்கொண்டது. பஸ் பஸ்ஸாக ஜனம். அருவியில் எண்ணெய் கூடாது, சோப்பு கூடாது என்று போர்டு இருக்கிறது; எண்ணெய் பூசிய முதுகுகள் அதைத் தாண்டித்தான் போகின்றன. தம்பி வழக்கம்போல, அருவித் தண்ணீர் வந்து சேரும் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே கேனை முக்கினான். குற்றாலத் தண்ணீரை இந்தப் பக்கத்தில் யாரும் மோந்து பார்த்து எடுப்பதில்லை. தெளியவிட்டுத் தொட்டியில் ஊற்றிய மறுநாள் காலை தொட்டியின் மேல் மெல்லிய ஏடு, அதில் வானவில். பெரிய மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தன. குஞ்சுகள் அடியில் தூசிபோலக் கிடந்தன. விரலை நனைத்து மோந்தான். என்னிடம் நீட்டினான். மசாஜ் எண்ணெய்.

பெரியவை இரண்டையும் அவன் காப்பாற்றிவிட்டான். துடைத்து, கழுவி, வேறு தண்ணீர் விட்டு, மத்தியானம் வரை அவன் முதுகு நிமிரவில்லை. அம்மாதான் பேசினாள்.

“குத்தாலத் தண்ணியப் போயி யாரும் கொற சொல்லுவாவளாலே? ஒந்தப்பு இல்ல. இன்னொருக்க பொரிக்கும்.”

அவன் வாசலில் போய் நின்று கம்பெனிக்குப் போன் செய்தான். சாரலில் நனைந்துகொண்டே பேசினான். வருகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னது எனக்குக் கேட்டது. தடுத்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது.

அந்த ஜோடி இன்னும் இருக்கிறது. அம்மாவும் இருக்கிறாள், ஒருக்களித்தபடி. காலையும் நான், மாலையும் நான். சில நாள் கூம்பில் முட்டை தெரியும், அடுத்த நாள் தெரியாது, அவையே தின்றுவிடுகின்றன. போனில் கேட்பான். நல்லா இருக்கு என்பேன். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து இறைக்கிறேன், ஊற்றுகிறேன். முழங்கால் வலிக்கிறது. ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அவன் புறப்பட்டது ஒரு காலை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டி வாசலில் நின்றது. அம்மா அவன் கையை விடாமல், எப்பம்ல வருவ என்று மட்டும் கேட்டாள். அவன் அவள் தலையைத் தடவிவிட்டு வந்தான். தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. பெட்டியை வைத்து, முன் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திய பிறகு கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டான். ஹீட்டர், ஃபில்டர், தீனி என்று ஏதோ சொல்லப்போகிறான் என்று குனிந்தேன். என் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அலுப்பா இருந்தா படுத்துக்கோக்கா. ஒருநா தண்ணி மாத்தலன்னா ஒண்ணும் ஆவாது.”