அப்பாவோடு கேமராவில் பேசியவர்

நடக்க முடியாத அப்பாவை ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்ள, ஆஸ்டின் டவுன் வீட்டில் ஒரு கேமரா வைத்திருக்கிறேன்.

இன்று காலை அப்பா கேட்டார்: "நேத்து கேமராவுல பேசினாரே, உன் ஃப்ரெண்டா? சாப்ட்டீங்களான்னு கேட்டேன், சிரிச்சாரு."

எனக்கு அப்படி ஒரு நண்பர் இல்லை.

இன்டர்நெட்காரரை வரவழைத்தேன்.

"இந்த மோடம் ரௌட்டர் சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை இருக்கு சார். அது வழியாத்தான் வந்திருப்பாங்க. அப்டேட் போட்டா அடைஞ்சிடும்."

"இப்பவே போட்டுடலாமே?"

"நாம போட முடியாது சார், கம்பெனிதான் அனுப்பணும். இந்த மாடலுக்கு நிறுத்திட்டாங்க."

"நான் வாங்கின பெட்டிங்க இது!"

"பெட்டி உங்களுதுதான் சார்."

புதுப் பெட்டி வர ஒரு வாரம் ஆகுமாம்.

உங்கள் வீட்டுப் பெட்டிக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது? பார்த்துச் சொல்லுங்கள்.

நான் கேமராவைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆபீஸ் வந்துவிட்டேன். இப்போது எவனாலும் அப்பாவைப் பார்க்க முடியாது. என்னாலும்தான்.