வேலிக்குள் வந்த மரம்

யாழ்ப்பாணத்தானுக்கு வேலியைக் கண்டால் கை சும்மா இருக்காது. என் கணவர் கனடாவில் பிரெஞ்சு பேசும் லவால் நகருக்கு வந்து எத்தனையோ வருடங்களாகின்றன. பனி தள்ளப் பழகினார், 'பொன்ஜூர்' சொல்லப் பழகினார். அந்தக் கை மட்டும் திருந்தவில்லை.

போன பனிக்காலம் முடிந்தபோது எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்த மரவேலி சரிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் முதுகுவலிக்காரர். "நானே அடைச்சுத் தாறன்" என்று என் கணவர் முன்வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் வேலி அடைக்கிற சாட்டில் கதியாலை, அதுதான் வேலிக்கு நடுகிற தடியை, ஒரு சாண் தள்ளி நடுவது வழக்கம். இவர் இங்கே ஒரு முழம் தள்ளினார். மூலையில் நின்ற கிழவரின் ஆஷ் மரமும் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

"இதென்ன வேலை?" என்றேன்.

"பழைய வேலி கோணல். நான் நிமித்தி விட்டனான். நிழலும் கிடைக்கும்."

எனக்கென்றால் வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்வதால் வீட்டில் பிரெஞ்சு என் பொறுப்பு. ஆகவே கிழவர் என்னைத்தான் வேலியடிக்குக் கூப்பிட்டார். ஆனால் அவர் சண்டை பிடிக்கவில்லை, கதை சொன்னார்.

அவர் அல்சாஸ்காரர். பிரான்சும் ஜெர்மனியும் ஒவ்வொரு போருக்குப் பிறகும் மாறி மாறிப் பிடுங்கிய நிலம் அது. அவருடைய அப்பப்பா தன் பேக்கரியை விட்டு அசையாமலே மூன்று தரம் நாடு மாறியவராம். ஒவ்வொரு தரமும் கடைக்கதவில் புது மொழியில் பெயர் எழுதி, கடைசியில் பெயின்ட் தடித்துக் கதவைப் பூட்ட முடியாமல் போனதாம்.

"காணி பிடிப்பது சுகம், மதாம். ஆனால் பிடிக்கிறவன் அங்கே ஒழுகுகிற கூரைகளையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்" என்றார்.

நான் இதைத் தமிழில் சொன்னதும் என் கணவர், "மனுசன் நல்லாத்தான் கதைக்கிறார்" என்று கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மர நிழலில் போட்டார்.

கோடையில் நகரசபை ஆள் ஒருவர் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். வண்டு அரித்துவிட்டதாம், சொந்தக்காரர் உடனே வெட்ட வேண்டுமாம். யாருடைய மரம் என்று கேட்டார். கிழவர் சிரிக்காமல் வேலியைக் காட்டினார்.

"இஞ்சேரும், நீர் ஒருக்கால் போய்க் கதையும். காணி அவரின்ரைதான் எண்டு சொல்லும்" என்றார் என் கணவர்.

"பிடிச்சது நீங்கள். நீங்களே போய்ச் சரணடையுங்கோ."

ஆனால் 'பொன்ஜூரை' வைத்துக்கொண்டு சரணடைய முடியுமா? நான்தான் தூது போனேன். போன இடத்தில் கிழவரிடம் இன்னொன்றையும் சொன்னேன். ஊரில் என் கணவருடைய வீடும் காணியும் போர் முடிந்த பிறகும் இராணுவத்தின் முள்வேலிக்குள்தான் இருக்கின்றன. கடைசியாகப் போனபோது வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

கிழவரின் முகத்தில் குறும்பு போய்விட்டது. காணியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். போர் இழப்பீடாக, மரம் வெட்டும் அன்று என் கணவர் வந்து கயிறு பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கயிறு பிடித்தார். வேலியையும் பழைய இடத்தில் நட்டார். பிறகு வெட்டிய அடிமரத்தில் கிழவரோடு உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு முழக் காணியை ஒரு வண்டு வந்து திருப்பிக் குடுக்க வைச்சிட்டுது. எங்கடை காணிக்கு ஒரு வண்டும் வராதோ?"

இவர் என்ன சொன்னாரென்று கிழவர் என்னிடம் கேட்டார். முதல் வசனத்தை மட்டும் பிரெஞ்சில் சொன்னேன்.