ஊறுகாய்க்காரர் வாயில் ஒரு துண்டு

என் வீட்டுக்காரர் லிங்கப்பனுக்கு மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் ஊறுகாய்க் கடை. சொந்த ஊரான மார்டள்ளியிலிருந்து இங்கே வந்து அவர் கற்றுக்கொண்ட வியாபார வித்தை ஒன்றே ஒன்றுதான். வருகிறவர் கையில் ருசி பார்க்க ஒரு துண்டு வைத்தால், தன் வாயிலும் ஒரு துண்டு போட்டுக்கொள்வார். விற்கிறவனே தின்கிறான் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

போன வருஷம் அவருடைய அண்ணன் குப்புசாமிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டவர் அவர். பார்த்துவிட்டு வந்த கையோடு இவரைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இவருக்கும் பிரஷர். நர்ஸ் கனகா மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கவும் பீடியை விடவும் சொன்னாள்.

மனுஷன் எல்லாம் கேட்டார். பீடியை விட்டார். மண்டி மொஹல்லா வீட்டிலிருந்து கடைக்கு ஆட்டோ ஏறாமல் நடந்தார். உப்பில்லாக் குழம்பை முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார். அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. மாத்திரையை ஏமாற்றுகிறாரோ என்று நாக்குக்கு அடியில்கூடப் பார்த்தேன். அண்ணன் மாதிரி இவரும் விழுந்துவிடுவாரோ என்ற பயம். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும், கத்தினேன்.

ஒருநாள் கனகா எங்கள் கடைக்கே எலுமிச்சை ஊறுகாய் வாங்க வந்தாள். அவள் கையில் ஒரு துண்டு, இவர் வாயில் ஒரு துண்டு. அடுத்து வந்தவருக்கு மாங்காய், இவருக்கும் மாங்காய். கனகா வந்த வேலையை மறந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, நாள் பூரா இப்படித்தானா?"

"இது தொழிலுங்க சிஸ்டர். சாப்பாட்டுக் கணக்குல வருங்களா?"

அட கடவுளே, இத்தனை நாள் அந்தக் குழம்பைப் போய் வதைத்திருக்கிறோம்!

நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும் என்று முரண்டு பிடித்தார். "படுக்கட்டும். நீங்க படுக்காம இருந்தாப் போதும்" என்றேன். மறுநாளிலிருந்து துண்டு வருகிறவர் கைக்கு மட்டும்தான் போனது.

இப்போது பிரஷர் சரியான அளவில் நிற்கிறது. மாத்திரையும் நடையும் தொடர்கின்றன. வியாபாரம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். நேற்று ஒருவர், நீர் தின்னாததை எனக்கு விற்கிறீரா என்று இவரை மடக்கினார். இவர் கூசாமல் தனக்குப் பிரஷர் என்று சொல்லிவிட்டு, "நீங்க பிரஷர் எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டார். அந்த ஆள் பார்த்ததே இல்லையாம். கடையை என் தலையில் கட்டிவிட்டு, அவரைக் கையோடு கனகாவிடம் கூட்டிப்போய்விட்டார்.

வந்த வியாபாரத்தை விட்டதற்கு நான் அவரோடு சண்டை போடாத முதல் நாள் அதுதான்.