கழுத்தில்லாத அன்னமும் தொந்தி வைத்த சோப்பும்

வீட்டில் சோப்புக் காய்ச்சுகிற ஒவ்வொருவரிடமும் காஸ்டிக் சோடாவில் கை வெந்த கதை ஒன்று இருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் காரத்தைக்கூட மன்னித்துவிடலாம், சிலிக்கான் அச்சை மன்னிக்க முடியாது. நான் சொல்வது இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆன சமயம். செல்போனில் பொத்தானை அமுக்கிப் பேசிக்கொண்டிருந்தோம். வீடியோ பார்த்துச் சோப்புக் கற்றுக்கொள்ளும் வசதியெல்லாம் கிடையாது. மகளிர் குழுவில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள், அவ்வளவுதான். மீதியை நாமே தரையில் கொட்டித்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். முன் கூடத்தில் என் வீட்டுக்காரர் பட்டுத் தறி ஓட்டுவார். பின்னறையில் என் சோப்பு. அந்தப் பின்னறையின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அங்கே இரண்டாவது தறி போட வேண்டும் என்று தேக்குச் சட்டங்களை வாங்கி, என் சோப்பு மேஜைக்குப் பின்னாலேயே சுவரில் சாய்த்து வைத்திருந்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தை பிறப்பதற்குள் ஒரு பெரிய ஆர்டரை உருப்படியாக முடித்துக் காட்டினால் அறை எனக்கு. இல்லாவிட்டால் தறிக்கு. நான் எண்ணெய் கலக்கும்போதெல்லாம் அந்தத் தேக்குச் சட்டங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

துண்டைப் பிழிந்த கடைக்காரர்

தகர டப்பா, பிளாஸ்டிக் டப்பா, பி.வி.சி. குழாய் எல்லாவற்றிலும் ஊற்றிப் பார்த்தாயிற்று. உள்ளே போன சோப்பு வெளியே வர மாட்டேன் என்றது. கத்தி விட்டு நெம்பினால் பாதிதான் வந்தது. பயிற்சி கொடுத்த அம்மா சிலிக்கான் அச்சு வாங்கச் சொன்னார் என்று பஸ் ஏறிச் சென்னைப் பாரிமுனைக்குப் போனேன். கடைக்காரர் ஓர் அச்சை எடுத்தார். குளித்துவிட்டு வந்தவர் துண்டைப் பிழிவதுபோல அதை முறுக்கிப் பிழிந்து மேஜையில் போட்டார். அது ஒன்றுமே நடக்காததுபோல விரிந்து படுத்துக்கொண்டது.

தடிமனாக ஒரு ரகமும் மெல்லியதாக ஒரு ரகமும் இருந்தன. நான் மெல்லிய ரகத்தை எடுத்தேன். இரண்டு விரலால் மடிகிறதே, சோப்பும் சுலபமாகக் கழன்று வந்துவிடும் என்ற எண்ணம்தான். உங்களில் எத்தனை பேர் இதே தப்பைச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும், கையைத் தூக்க வேண்டாம். பன்னிரண்டு குழி வைத்த அச்சு ஒன்று, ரொட்டி மாதிரி நீளமாக ஊற்றித் துண்டு போடுகிற அச்சு ஒன்று. காசு கொடுத்த பிறகுதான், சோப்புக் கூழை ஊற்றினாலும் இது இப்படியே வளையுமா என்று கேட்கத் தோன்றியது. கடைக்காரர் சொன்னார்: "வளையறதுதாம்மா இதோட கொணமே. ஊத்துனதுக்கப்புறம் எந்தப் பக்கம் வளையும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

ஒரு சாண்

பன்னிரண்டு குழியிலும் கூழை ஊற்றினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. கூடத்து அலமாரியில் வைக்கலாம் என்று அச்சின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கீழே பலகை வைத்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டும் என்பதை எந்தப் புண்ணியவானும் எனக்குச் சொல்லவில்லை. நாலடி நடந்திருப்பேன், அச்சு நடுவில் மடிந்தது. ஒரு கிலோவுக்கு மேல் கூழ் அப்படியே தரையில் இறங்கித் தறியைப் பார்த்து ஓடியது.

பட்டில் காரம் பட்டால் கறையோடு நிற்காது, பட்டே கரைந்துவிடும். தறியில் அப்போது நீளவாட்டுப் பட்டு நூலான பாவு முழுசாக ஏறியிருந்தது. வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்த வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இடுப்பில் இருந்த துண்டை உருவிக் கூழுக்கு அணை போட்டார். எல்லாம் அடங்கிய பிறகு அவர் குனிந்து, பாவுக்கும் கூழுக்கும் நடுவில் கையை விரித்து அளந்து பார்த்தார். "ஒரு சாண்தான் பாக்கி லோகு. அந்த ஒரு சாணும் ஓடியிருந்தா, தை வரைக்கும் காத்துக்கினு இருக்க வேணாம், ரெண்டு பேருமே நாளைலேர்ந்து சோப்பு விக்கலாம்."

அம்சா கொண்டுவந்த இட்லி

பக்கத்து வீட்டு அம்சா எனக்குக் கூடமாட உதவி செய்கிறவள். ஒருநாள் பன்னிரண்டு குழி அச்சைக் கழுவி வைக்கிறேன் என்று எடுத்துப் போனாள். மறுநாள் காலையில் ஒரு தூக்கு நிறைய இட்லி வந்தது. மிளகும் சுக்கும் சீரகமும் போட்ட எங்கள் ஊர்க் கோயில் இட்லி. வீட்டுக்காரர் மூன்றை உள்ளே தள்ளிவிட்டார். நான் ஒன்றை மூக்கருகே கொண்டுபோனேன். மிளகு வாசம், சுக்கு வாசம், அதற்கெல்லாம் பின்னால் போன வாரம் நான் சோப்பில் போட்ட வெட்டிவேர் வாசம்.

"எதுலடி ஊத்தினே?" என்று கத்தினேன். "நீங்கதானேக்கா அந்த அச்சு எவ்ளோ சூடும் தாங்கும்னு சொன்னீங்க?" என்றாள் அம்சா, ஒரு பாவமும் அறியாத முகத்தோடு. சோப்பு ஊற்றிய அச்சு சோப்புக்கு மட்டும்தான். சிலிக்கானில் ஏறிய வாசம் ஏழு தண்ணீரில் கழுவினாலும் போகாது. காரம் ஒட்டியிருந்தால் என்ன ஆவது? பதறிப்போய் அவரை நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெந்த மாதிரி இல்லை. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நாலாவது துண்ணலாமா வேணாமா, மொதல்ல அத்த சொல்லு."

ஏகாதசியும் கல்யாணச் சாப்பாடும்

பெரிய ஆர்டர் ஐப்பசியில் வந்தது. சின்ன காஞ்சிபுரத்து வேதவல்லி மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தையில் நடக்கவிருந்த மகள் கல்யாணத்துக்கு எங்களிடம் புடவை சொல்ல வந்தார். கரையில் வரிசையாக அன்னம் வேண்டும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னறை வாசம் மூக்கில் ஏறிவிட்டது. தாம்பூலப் பையில் தேங்காயோடு போட நூற்றைம்பது சோப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரிசு அவாளுக்கு, சின்னது எனக்கா என்று சம்பந்தி வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாதாம்.

நீள அச்சில் மாதிரி ஊற்றினேன். இந்த முறை அடியில் பலகை வைத்தேன், அதில் குறையில்லை. ஆனால் பக்கச் சுவர்களை யார் பிடித்துக்கொள்வது? மெல்லிய சிலிக்கான், கூழின் கனம் தாங்காமல் நடுவில் இரண்டு பக்கமும் பிதுங்கிவிட்டது. பத்துத் துண்டு போட்டால் ஓரத்தில் இருப்பவை ஒல்லி, நடுவில் இருப்பவை குண்டு. செங்கல்லை அண்டக் கொடுத்தேன், செங்கல்லின் கோணல் சோப்பில் இறங்கியது. மாமி துண்டுகளை மேஜையில் வரிசையாக அடுக்கி, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்டிம்மா, ஓரத்துல இருக்கறதெல்லாம் ஏகாதசி விரதம், நடுவுல இருக்கறதுக்கு மட்டும் கல்யாணச் சாப்பாடா?"

அளவெடுத்த மாதிரி ஓர் அட்டை

இன்னும் ஒரு வாரத்தில் சரியான மாதிரி காட்டாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக மாமி சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் போனால் அறையும் போகும். விறைப்பாக, நேராக, அச்சின் நீளத்துக்கு ஏதாவது கிடைக்காதா என்று வீடு முழுக்கத் துழாவினேன். கட்டிலுக்கு அடியில் கிடைத்தது, ஜக்கார்டு அட்டை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: புடவையில் பூவும் பறவையும் விழுவதற்குத் தறியின் தலையில் ஓட்டை போட்ட நீள அட்டைகளை வரிசையாகக் கோத்து மாட்டுவார்கள். ஓர் அட்டைக்குக் குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூல். எந்த அட்டை எப்போது வருகிறதோ அதன்படி உருவம் விழும். உபயோகம் முடிந்த அட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது எங்கள் வீட்டு வழக்கம்.

அகலம் அச்சின் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. பக்கத்துக்கு ஆறு, ஆக மொத்தம் பன்னிரண்டு அட்டைகளை உருவிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றினேன். அச்சின் இரண்டு பக்கமும் வைத்து நாடாவால் இறுக்கிக் கட்டிக் காலையிலேயே கூழை ஊற்றிவிட்டேன். சுவர் ஒரு நூல்கூடப் பிதுங்கவில்லை. சந்தோஷத்தில் அம்சாவுக்கு இட்லியையும் மன்னித்தேன்.

சாயங்காலம் புடவை எப்படி வருகிறது என்று பார்க்க மாமி வந்திருந்தார். கூடத்திலிருந்து "லோகு!" என்று வீட்டுக்காரரின் குரல் வந்தது. பாம்பைப் பார்த்தவர்தான் அப்படிக் கூப்பிடுவார். ஓடினேன். கரையில் முதல் அன்னம் முழுசாக விழுந்திருந்தது. உடம்பு இருந்தது. தலை இருந்தது. தலை நேராக உடம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் தறியில் இருந்த அட்டைகளின் எண்களைத் தடவித் தடவிப் பார்த்தார். "அடிச்சு வந்த புது அட்டைய நேத்து கட்டிலுக்குக் கீழ வெச்சிருந்தேன். காத்தால எண்ணாம கோத்துட்டேன். இருபத்தொம்பதுலேர்ந்து நாப்பது வரைக்கும் காணோம்பா." நான் விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு. இருவரையும் பின்னறைக்குக் கூட்டிப்போய் அச்சைக் காட்டினேன்.

மாமி கணக்கு டீச்சர் அல்லவா, நேராகக் கேள்விக்கு வந்தார். "இப்ப அட்டையை உருவினா?" "சோப்பு தொந்தி வெச்சிடும் மாமி. விடியறவரைக்கும் எறுகாது." "உருவலேன்னா?" "அன்னத்துக்குக் கழுத்து வராது." நாங்கள் இருவரும் வீட்டுக்காரரைப் பார்த்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறை போனது போகட்டும், ஒரு கல்யாணப் புடவையில் கை வைத்துவிட்டேனே என்று இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. சுவரில் சாய்ந்திருந்த தேக்குச் சட்டம் ஒன்றை இழுத்துத் தரையில் போட்டார். பரணிலிருந்து ரம்பத்தை எடுத்தார். அச்சின் நீளத்தைக் கையால் அளந்தார். "ஐயோ, தறி மரம்ங்க அது!" என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் கேட்கவில்லையா தெரியாது. ரம்பம் பாதி மரத்துக்குப் போய்விட்டது. இரண்டு துண்டு அறுத்து, அட்டைகளுக்கு வெளியே பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார். பாவு இழுத்துக் கட்டுகிற கயிற்றால் சுற்றி முறுக்கினார். ஒரு பக்கம் நான் அட்டையை ஒவ்வொன்றாக உருவ, அவர் கயிற்றை அதே அளவுக்கு இறுக்கினார். பன்னிரண்டும் வந்தன. ஒன்றில்கூட எண்ணெய் படவில்லை. சோப்பும் அசையவில்லை. மாமி சொன்னார்: "முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன், ஒரு பறவையோட கழுத்தைச் சோப்புலேர்ந்து கழிச்சு எடுத்தது இன்னிக்குத்தான்."

மீதித் தேக்கு

மறுநாள் முழுக்க அவர் கழுத்தில்லாத அன்னத்தை இழை இழையாகப் பிரித்து, அட்டைகளை மறுபடி வரிசையாகக் கோத்து, முதலிலிருந்து நெய்தார். நான் காபி கொடுக்கும்போதுகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை, வெட்கமாக இருந்தது. அந்தத் தேக்குத் துண்டுகளுக்கு நடுவில்தான் நூற்றைம்பது சோப்பும் இறங்கின. மாமி தராசோடு வந்து, கண்ணை மூடி எடுத்த இருபதை நிறுத்துப் பார்த்தார். ஒன்றுகூட ஏகாதசி இல்லை.

தை பிறந்தது. ஆர்டர் முடிந்திருந்தாலும் என் மனசு ஆறவில்லை. ஒரு காலை, அவர் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போவதைப் பார்த்தேன். சரி, தறிதான் என்று நினைத்துப் பாத்திரங்களை ஒதுக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால், அறுத்ததுபோக மீதியிருந்த சட்டங்களையும் தரையில் கிடத்தி, என் அச்சின் நீளத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அச்சை இறக்கி வைக்க ஆறு பெட்டிக்கு வரும் என்றார். அப்போ ரெண்டாவது தறி என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஒரு தறியையே உங்கிட்டேர்ந்து காப்பாத்த முடியல, ரெண்டு போட்டு இன்னா பண்றது? பெட்டிய எடுத்துக்கோ, என் அட்டைய உட்டுடு."

ஆக, இத்தனை வருஷச் சோப்புத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: சிலிக்கான் அச்சு எவ்வளவு வேண்டுமானாலும் வளையட்டும், அதற்கு முட்டுக் கொடுக்க எதையாவது உருவுகிறவர்கள் மட்டும் அதில் யாருடைய கழுத்து இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.