இரண்டாவது மதிப்பீட்டாளர்

திரையில் இன்னும் அதே வரிதான்: ‘மதிப்பீட்டில் உள்ளது’. ஆய்விதழுக்கு அனுப்பிய என் கட்டுரை வெளிவந்தால்தான் எனக்கு முனைவர் பட்டம். தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எங்கள் பழைய துறைத்தலைவர் நினைவுக்கு வந்து தொலைக்கிறார்.

படப்பை தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளராக இருந்தேன். கல்லூரி நடத்திய ஆய்விதழுக்கு அவர்தான் ஆசிரியர். வரும் கட்டுரையை வெளியாட்கள் இருவர் தனித்தனியே படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அது உண்மையில் எப்படி நடக்கிறது என்று, எங்கள் இதழோடு மற்ற கல்லூரி இதழ்களின் இணையதளப் பதிவுகளையும் வைத்து ஆராய்வதே என் முனைவர் பட்டத் தலைப்பு. தோண்டிப் பார்த்தால், எங்கள் இதழில் பல கட்டுரைகளுக்கு இரண்டு மதிப்பீட்டாளர்களும் அவர் அறைக் கணினியிலிருந்தே வந்திருக்கிறார்கள்! போதாததற்கு, ‘முதலாமவர் நுனிப்புல் மேய்ந்திருக்கிறார்’ என்று இரண்டாமவர் திட்டியும் இருக்கிறார்.

“என்ன சார் இது, ரெண்டு பேரும் நீங்கதானா?” என்றேன்.

“இன்னாம்மா பண்ணச் சொல்ற? மெயில் போட்டா ஒருத்தனும் படிக்க மாட்டேன்றான். பேப்பர் தூங்கிகினு கீது, இங்க ஒவ்வொருத்தனுக்கும் புரோமோஷன் நிக்குது.” கொஞ்சமும் கூச்சமில்லை. “மொத தபா படிச்சா எல்லாம் நல்லாத்தான் கீது. ரெண்டாவது பேர்ல உள்ள போனாத்தான் கோவம் வருது.”

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? நிர்வாகத்திடம் சொன்னேன், இதழ் நின்றது. அவர் ஓய்வு பெற்று சேரப்பணஞ்சேரி வீட்டோடு இருந்துவிட்டார். என் மேல் கோபப்படக்கூட இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

போன மாதம் என் கட்டுரைக்குக் கருத்து வந்தது: ‘எஃகின் கடினத்தன்மையை மேலும் விளக்குக.’ என் கட்டுரையில் எஃகே கிடையாது! புகார் எழுதினேன். மறுபடியும் ‘மதிப்பீட்டில் உள்ளது’. ஆத்திரத்தில் கட்டுரையை அந்தப் பழைய துறைத்தலைவருக்கே அனுப்பிவிட்டேன்.

அவரிடமிருந்து இரண்டு அறிக்கைகள் வந்தன. முதலாவது பாராட்டு. இரண்டாவது, ‘ஏற்க இயலாது’. கொதித்துப்போய் போன் செய்தேன்.

“ஒரே கனெக்‌ஷன்ல இருந்து வந்தா ஒரே ஆளுன்னு எழுதிக்கீற. ஒரகடத்துல ஒரு ஹாஸ்டல் வைஃபைல எத்தினி பேரு கீறான், தெரியுமா? என்னைப் புடிச்ச, சரி. மத்த காலேஜ்ல எத்தினி யோக்கியனச் சேர்த்துப் புடிச்ச?”

அவர் சொன்னது சரி என்பதைத்தான் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு, அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட மனதுக்குள் சொல்லாமல், திரையைத் திறந்து ஆய்விதழிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அந்த வரி மறைந்தது.