கருவிக்கு நான் காட்டாத மாங்காய்கள்

நான் ஒரு கருவிக்குப் பொய் கற்றுக்கொடுத்தேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு பெண் தன் தோப்பை இழந்தார். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

எனக்கு எழுபத்தொரு வயது. தீவுத் தலைநகரின் மரைன் ஹில்லில் என் வீட்டுக்கு அறுபத்தெட்டுப் படிகள். தினமும் எண்ணித்தான் ஏறுகிறேன். எண்ணிக்கை தவறாத ஆள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர்... அந்தப் பெயருக்குப் பின்னால்தான் இத்தனை வருடமும் ஒளிந்திருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு வந்த உதவிப் பொருட்களோடு எங்கள் வேளாண் நிலையத்துக்கு ஒரு கைக்கருவியும் வந்தது. மாங்காயின் தோலில் வைத்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பும். சதை கொஞ்சம் விழுங்கிக்கொள்ள, மிச்சம் திரும்பி வரும். அதைக் கணக்கிட்டு, காய் முற்றியிருந்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. அறுத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் அதற்குத் தானாக எதுவும் தெரியாது. ஒரு காயைக் காட்ட வேண்டும். பிறகு அதே காயின் சதையை உலர்த்தி, மிஞ்சும் எடையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுவும் எந்தத் தோப்புகளுக்குக் கருவி போகிறதோ, அந்தத் தோப்புகளின் காய்களாகவே இருக்க வேண்டும். படகில் போக வேண்டிய ஹேவ்லாக் தீவில் நான்கு தோப்புகள், தோப்புக்கு முப்பது, ஆக நூற்றிருபது காய்கள். அது என் பொறுப்பு.

அந்த வாரம் கடல் கொந்தளித்தது. இரண்டு நாள் படகு ரத்து. மூன்றாம் நாள் படகு போயிற்று, நான் போகவில்லை. படகில் எனக்கு வாந்தி வரும்... அவ்வளவுதான் காரணம்! இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றை வருடக்கணக்காகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் ஜங்லிகாட் சந்தையில் எனக்குப் பழக்கமான பழக்கடை பாயிடம் போனேன்.

"நூத்தியிருபதா? வூட்ல கல்யாணமா சார்? சொல்லவேயில்ல."

"ஆபீஸுக்கு. எந்த ஊர்க் காய் பாய்?"

"மெயின்லேண்ட் சரக்கு. நேத்துதான் கப்பல்ல எறங்குச்சு. நம்ம தீவுக் காய் தோலு தடிச்சுக் கெடக்கும். இது பாருங்க, காகிதமாட்டம்."

கேட்டுக்கொண்டேதான் வாங்கினேன். நான்கு தோப்புக்காரர்களின் பெயர்களை முப்பது முப்பது சீட்டுகளில் எழுதி ஒட்டினேன். 'காளியம்மாள் 1' முதல் 'காளியம்மாள் 30' வரை... அழகான கையெழுத்து. அவர் தோப்பின் ஒரு காயைக்கூடக் கருவி பார்க்கவில்லை. எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது!

காளியம்மாள் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். கணவரை அலை கொண்டுபோன பிறகு, ஹேவ்லாக்கில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். மற்ற மூவருக்கும் பாக்கும் தேங்காயும் உண்டு. அவருக்கு மாமரங்கள் மட்டும்தான். அங்கிருந்த ஒரு ரிசார்ட், எங்கள் கருவி பச்சை காட்டும் காய்களை மட்டும் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. ரிசார்ட் எடுக்கும்வரைதான் குத்தகை என்பது தோப்பு முதலாளியின் பேச்சு.

அடுத்த பருவத்தில் அவர் கூடைகளோடு படகுத்துறைக்கு வந்தார். நான் கருவியை வைத்தேன். சிவப்பு. அடுத்தது சிவப்பு. நாற்பத்தேழு காய் பார்த்தேன், நாற்பத்தேழும் சிவப்பு.

"காம்புகிட்ட தோளு எழும்பிருச்சு பாருங்க சார். வாளித் தண்ணியில போட்டேன், அம்புட்டும் முங்கிருச்சு. இன்னும் என்ன முத்தணும்?"

பக்கத்தில் நின்ற வங்காளி ஒருவர் சிரித்தார். "மௌசி, மிஷின் ஸே லடேகி க்யா?" கருவியோடு சண்டையா என்று கேலி.

காளியம்மாளும் சிரித்துவிட்டார். "அது எந்த ஊரு மிஷின் சார்? நம்மூரு காய அடையாளம் தெரியலையே."

விளையாட்டாகக் கேட்ட கேள்வி சரியான இடத்தில் விழுந்திருந்தது. அவர் காய் முற்றியது என்று எனக்குத் தெரியும். காகிதத் தோலை மட்டுமே பார்த்துப் பழகிய கருவி, இந்தத் தடித்த தோலுக்கு ஏன் சிவப்பு காட்டுகிறது என்பதும் தெரியும். ஓய்வு பெறப் பதினொரு மாதம்...

"பத்து நாள் மரத்துல விடுங்க காளியம்மா" என்றேன்.

விட்டார். ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் கொண்டுவந்த காய்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. ரிசார்ட்டில் அறுத்தார்கள். உள்ளே சதை குழைந்து, புழு நெளிந்தது. அன்றே பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். அந்த மாதமே தோப்பு கைமாறியது.

"மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கும் சார். எனக்குத்தான் நேரம் பாத்துப் பறிக்கத் தெரியல" என்றார் என்னிடம். நான் தலையை ஆட்டினேன். ஆம், ஆட்டினேன்! 'இந்தக் கருவி தீவுகளுக்கு ஒத்துவராது' என்று அலுவலகம் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டியபோதும் வாய் திறக்கவில்லை. பழியை அதுவும் சுமந்துகொண்டது.

ஓய்வுபெற்று மூன்று வருடம் கழித்து ஜங்லிகாட்டில் அவரைப் பார்த்தேன். ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாராம். மாம்பழக் கூடைக்கு முன்னால் தயங்கி நின்றவர், என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"நல்லவேளை வந்தீங்க சார். மூணு பழம் பொறுக்கிக் குடுங்க. எனக்குக் காய் பாக்கத் தெரியாதுன்னு ஆயிருச்சே."

இனி எனக்கு எந்த வேலையும் போகப்போவதில்லை. சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை? என்னையே கேட்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்.

குனிந்து, ஒவ்வொன்றாக முகர்ந்து, மூன்று பழங்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றைக்கூட முகர்ந்து பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.