பலகை அப்பா

"டீச்சர் போயிட்டாங்கப்பா" என்று பாலர் பள்ளியில் சமைக்கும் குப்பம்மா வாசலில் வந்து நின்றபோது, தறியை நிறுத்தாமல், "வாலாஜாபாத்துக்கா? எந்த பஸ்சுல?" என்று கேட்டவன் நான். ரூத் டீச்சருக்குச் சொந்த ஊர் அது. குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்ட பிறகுதான் விளங்கியது. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த மூளை இது.

அவரிடம் பிள்ளைகளை அனுப்பிய உங்களுக்கெல்லாம் என் மகள் மல்லிகாவைத் தெரியும். பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் சேர்க்கப் போனேன். டீச்சர் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் பாடி ஆடவைத்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னேன்: "பாட்டு நேரத்துல மட்டும் இவள வெளிய குந்த வெச்சிடுங்கம்மா. மத்த புள்ளைங்க சிரிக்கும்."

"குந்தட்டும்பா. எங்க குந்தணும்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் மாலை வீட்டுக்கே வந்துவிட்டார். நான் நெய்துகொண்டிருந்தேன். மல்லிகா வழக்கம்போலத் தறிக்காலில் உள்ளங்கையைப் பதித்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "கைய எடு, நசுங்கிடும்" என்று நான் தினமும் விரட்டுகிற காட்சிதான். டீச்சர் நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, உன் தறிக்கு இவ தலையாட்டிக்கினு இருக்கா. தாளம் கேக்கலைன்னு யார் சொன்னது? வீட்ல பழைய பலகை இருக்குதா?"

இருந்தது. பள்ளியில் அதை இரண்டு செங்கல்மேல் போட்டு, ஆறு பிள்ளைகளை வெறுங்காலோடு ஏற்றினார். எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பின்னால் ஒருவர் பலகையைத் தட்டுவார். தட்டு நின்றதும் குதிக்க வேண்டும். கடைசியாகக் குதித்தவர்தான் அடுத்துத் தட்ட வேண்டும். முதலில் குதித்தது மல்லிகா. அவள் சிரித்த சத்தத்தில் மற்றவர்கள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

ஒருநாள் என்னைத் தட்டச் சொன்னார். கூச்சத்தில் கை தறி வேகத்தையும் தாண்டி ஓடிவிட்டது. மல்லிகா ஆட்டத்தை நிறுத்தித் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "உன் பொண்ணுக்கு உன் தாளம் புடிக்கலப்பா" என்றார் டீச்சர். ஐந்து வயசுப் பையன்கள்கூடச் சிரித்தார்கள்.

அந்த வருடப் பள்ளி விழாவில், "பலகை ஆட்டம் மல்லிகா அப்பா தந்தது" என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அன்றுமுதல் தெருவுக்கே நான் பலகை அப்பா.

போன ஞாயிறு இரங்கல் கூட்டத்தில், "பலகை அப்பா ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றீர்கள். எழுந்தேன். "டீச்சர் ரொம்ப நல்லவங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். பதினாறு வயது மல்லிகா, என்ன பேசினேன் என்று சைகையில் கேட்டாள். அவளிடமும் மழுப்பினேன்.

பலகையை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். நடுவில் பிஞ்சுக் கால்கள் தேய்த்த பளபளப்பு இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், கூட்டத்தில் வாய்வரை வந்து நின்ற இதுவும்:

"அவள வெளிய குந்த வெக்கச் சொன்னவன் நான்தானே டீச்சர். கடைசிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாமலே போயிட்டீங்களே."